சாவி இருந்தால் மட்டும் போதுமா?

பைத்தான் மொழியில் ஒரு பொதியை நிறுவ 'பிப் இன்ஸ்டால்' என்று ஒரு வரி தட்டினால் போதும். பைபிஐ என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து அது யாருக்கும் இலவசமாக இறங்கிவிடும். ஆனால் ஒரு நிறுவனம் தன் சொந்த வேலைக்கு எழுதிய நிரலை அப்படிப் பொதுவில் வைக்காது. தனிக் களஞ்சியத்தில் பூட்டி வைக்கும். பூட்டு என்று வந்துவிட்டால் சாவியும் வேண்டுமே!

கடவுச்சொல் போய் டோக்கன் வந்தது

முன்பு கடவுச்சொல்தான் சாவி. கிட்ஹப் தளம் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். காரணம் எளிது. கடவுச்சொல் திருடு போனால் கணக்கே போய்விடும். டோக்கனை 'படிக்க மட்டும்', 'இந்தக் களஞ்சியத்துக்கு மட்டும்', '30 நாளுக்கு மட்டும்' என்று அளந்து கொடுக்கலாம். தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம்.

அவசரத்தில் பலர் டோக்கனைக் களஞ்சிய முகவரிக்குள்ளேயே ஒட்டி, அந்தக் கோப்பைக் கிட்டில் சேர்த்துவிடுகிறார்கள். மறுநாள் அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது அப்படியே கிடக்கும். டோக்கன் இருக்க வேண்டிய இடம் கோப்புக்கு வெளியே, சூழல் மாறியில்.

பூட்டை உடைக்காமல் வந்த ஆபத்து

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒரு ஓட்டை உண்டு. அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021 பிப்ரவரியில் அதை வெளியிட்டார். நிறுவனங்களின் உள்பொதிப் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயரில் தன் பொதிகளைப் பொதுக் களஞ்சியங்களில் ஏற்றினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் அவருடைய நிரல் ஓடியது. அவர் எந்தச் சாவியையும் திருடவில்லை.

எப்படி முடிந்தது? பிப்பில் 'எக்ஸ்ட்ரா இண்டெக்ஸ்' என்று தனிக் களஞ்சியத்தைச் சேர்த்தால், அது தனிக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை தராது. இரண்டிலும் தேடி, பெரிய பதிப்பு எண் எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். வீட்டில் 1.2 இருக்க, தெருவில் 99.0 என்று கூவினால் தெருவில் இருப்பதே உள்ளே வரும்.

பிர்சான் நல்லெண்ணத்தோடு சோதித்தார். எல்லோரும் அப்படி இருப்பார்களா? 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை லினக்ஸில் பைடார்ச்சின் நைட்லி பதிப்பை பிப் மூலம் நிறுவியவர்களுக்கு, டார்ச்ட்ரைட்டன் என்ற துணைப்பொதி பைபிஐயில் இருந்த போலியாக வந்தது. அது எஸ்எஸ்எச் சாவிகள் உட்படப் பல கோப்புகளை வெளியே அனுப்பியது. பத்திரமாக வைத்த சாவியையே பொதி ஒன்று எடுத்துப் போய்விட்டது!

செய்ய வேண்டியது என்ன?

பிப்பில் 'இண்டெக்ஸ் யூஆர்எல்' என்று தனிக் களஞ்சியத்தை மட்டும் காட்டி, பொதுப் பொதிகளையும் அதன் வழியாகவே வரவழைக்கலாம். என்பிஎம்மில் நிறுவனத்தின் ஸ்கோப் பெயரைப் பதிவு செய்து, அதைத் தனிக் களஞ்சியத்தோடு இணைக்கலாம். ஒவ்வொரு பொதியின் ஹாஷையும் குறித்து வைத்து ஒப்பிடச் சொல்லலாம்.

வாங்க வருபவர் யார் என்பதை டோக்கன் சொல்லிவிடும். கொடுப்பவர் யார் என்பதை நிறுவுபவர்தான் கேட்க வேண்டும்.