சட்டியில் பிரட்டிய சோறு

புது மண்சட்டியில் எடுத்த எடுப்பில் குழம்பு வைக்கக் கூடாது, முதலில் கஞ்சிதான் காய்ச்ச வேண்டும் என்பாள் எங்கள் ஆயா. இல்லாவிட்டால் சட்டி கசியும், விரிசல் விடும். போன ஐப்பசி மழையில் இதே பாடத்தை மருமகள் எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு ஜப்பான் சட்டியோடு வந்த, ஜப்பானிய மொழியில் அச்சடித்த துண்டுத்தாள் அது. கைப்பேசி மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, இவள் வாசித்தாள். சோற்றை நிறையத் தண்ணீரில் மெல்லிய தீயில் குழைய விடுங்கள், அப்படியே ஆறவிடுங்கள், மண்ணின் நுண்துளைகளைக் கஞ்சி அடைத்துவிடும். "இதுக்கு எதுக்கும்மா தாள்?" என்றேன். அவள் சிரித்தாள்.

மருமகளுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. 2008-இல் தொடங்கி, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் புன்செய்க் காடுகளில் எழும்பிய ஊர் அது. இசுசு வண்டி, கோபெல்கோ மண் தோண்டும் இயந்திரம், டைகின் ஏசி என்று ஜப்பான் கம்பெனிகள் வரிசையாக வந்தன. அங்கிருந்து வரும் அதிகாரிகள் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு குடும்பம், விமானத்தில் ஏற்ற மனமில்லாமல் இவளிடம் கொடுத்த சட்டி இது. கனமான மூடி, இரண்டு காது, அடியில் மட்டும் மெருகில்லாத மண். தொநாபே என்கிறார்கள்.

இகா என்ற ஊரில் செய்ததாம். அந்தப் பகுதி மண், பல லட்சம் வருடங்களுக்கு முன் பீவா ஏரியின் அடித்தரையாகக் கிடந்தது. அதில் மக்கிப்போன செடிகொடிகள் சூளையில் எரிந்துபோக, உள்ளே பொடித் துளைகள் மிஞ்சுகின்றன. அதனால் சூடு மெதுவாக ஏறும், ஏறியது சீக்கிரம் இறங்காது. இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்க் கோடைக்கால ஏரி ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது குயவர் வீட்டு மாட்டுவண்டி உள்ளே இறங்கும். வெட்டியெடுத்த களிமண் அவர்கள் வாசலில் குவிந்து கிடக்க, நாங்கள் திருடி விநாயகர் பிடிப்போம். இப்போது அந்தத் தெருவில் சக்கரம் சுற்றுவதில்லை. ஏரி மண் லாரியில் போகிறது, மனை மேடாக்க.

ஆயா சட்டி வாங்குவது ஊத்துக்கோட்டையில். அது தமிழ்நாடு, நாங்கள் ஆந்திரா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. ம.பொ.சி. திருத்தணிக்காகப் போராடிய கதையை எல்லோரும் பேசுகிறார்கள். ஈடாகக் கொடுக்கப்பட்ட எங்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அப்பா பிறந்தது செங்கல்பட்டு ஜில்லா. நான் சித்தூர் ஜில்லா. 2022-இல் மறுபடி பிரித்தார்கள், பேத்தி திருப்பதி ஜில்லா. மூன்று பேரும் பிறந்தது ஒரே வீடு.

சரி, சமையலுக்கு வருகிறேன். ஜப்பானியர் குளிர்காலத்தில் கூடி உட்கார்ந்து சாப்பிடும் நாபேயில் நாங்கள் தேர்ந்தெடுத்தது மிசுதாகி. ஃபுகுவோகா பக்கத்துப் பண்டம். எலும்போடு கோழியைப் போட்டு வெறும் தண்ணீரில் வேகவைப்பது; உப்புகூடக் கிடையாது. நாட்டுக்கோழி என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நுரையை எடுத்துக்கொண்டே இருந்தால் சாறு வெள்ளையாகத் திரண்டு வருகிறது. அதை முதலில் கிண்ணத்தில் ஊற்றி, துளி உப்பும் வெங்காயத்தாளும் தூவிக் குடிக்க வேண்டும். பிறகு ஒற்றை அடுப்பை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, கோஸும் காளானும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வெந்ததை எடுத்து, சோயாவில் எலுமிச்சை பிழிந்து தொட்டுக்கொள்வது. எலுமிச்சைக்கு எங்களுக்கென்ன குறை, கூடூர் பக்கத்தில்தானே இருக்கிறது. முருங்கைக்கீரை மட்டும் நானாகச் சேர்த்தது.

சட்டி அருகே உட்கார்ந்து, எதை எப்போது போடுவது, யார் எதை எடுப்பது என்று அதிகாரம் செய்கிறவருக்குப் பழங்கால நீதிபதிப் பட்டம் சூட்டிக் கேலி செய்வது ஜப்பானில் வழக்கமாம். எங்கள் வீட்டில் அந்தப் பட்டத்தை மகன் எடுத்துக்கொண்டான். கையில் கரண்டி வந்ததும் அவன் குரலே மாறிவிட்டது.

எல்லாம் தீர்ந்த பிறகுதான் விஷயமே. அடியில் மிஞ்சிய சாற்றில் சோற்றைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் அடித்த முட்டையைச் சுற்றி ஊற்றி மூடிவிடுகிறார்கள். இதைச் சாப்பிடாமல் நாபே முடிவதில்லை. மருமகள் மூடியைத் திறந்தபோது, எனக்கு ஆயாவின் மீன்சட்டி வாசனை வந்தது. சத்தியமாக அதில் மீனே இல்லை.

மீன்குழம்பு முதல் நாளில் பாதி, மறுநாள் மீதி. மறுநாள் மத்தியானம் துண்டெல்லாம் தீர்ந்து, சட்டியின் அடியிலும் சுவரிலும் மசாலா மட்டும் ஒட்டியிருக்கும். ஆயா அதில் சுடுசோற்றைக் கொட்டுவாள், நல்லெண்ணெய் விடுவாள், கையாலேயே சுரண்டிச் சுரண்டிப் பிரட்டுவாள். நாங்கள் அரைவட்டமாகக் குந்திக் கையை நீட்டுவோம். சின்னதுக்கு முதல் உருண்டை. கடைசி உருண்டை அன்றைக்குக் கிணற்றில் தண்ணீர் சேந்தியவருக்கு. அதற்காகவே காலையில் வாளிக்கு அடிதடி நடக்கும். தட்டில் பரிமாறிய சாப்பாடு ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. அந்த உருண்டை இருக்கிறது, நகக்கண்ணில் ஏறிய மஞ்சளோடு.

எவர்சில்வர் வந்தது, சட்டி பின்கட்டுக்குப் போனது. எவர்சில்வரில் குழம்பு ஒட்டாது. ஒட்டினாலும் நார் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். மிச்சம் ஃபிரிட்ஜுக்குள் டப்பாவில். மகனுக்கு ஒரு ஷிஃப்ட், மருமகளுக்கு ஒரு ஷிஃப்ட். ஆளுக்கொரு நேரம் சூடு பண்ணிச் சாப்பிடுகிறார்கள். கூடி உட்கார்ந்தால்தான் சாப்பாடு என்று இந்த ஜப்பான் சட்டி நிபந்தனை போட்டதால்தான் இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

ஆயா காலத்தில், கொஞ்சம் தள்ளியிருக்கும் ஆரம்பாக்கத்துப் பக்கமிருந்து கருவாட்டுக்காரி கூடையோடு வருவாள். தக்காளியும் நெத்திலிக் கருவாடும் போட்டு ஆயா வைத்த சாற்றுக்கு ஏன் அந்த ருசி என்று ஜப்பானியர்தான் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 1908-இல் இகேதா கிகுனே கடற்பாசிச் சாற்றில் குளூட்டமேட்டைப் பிரித்துக் காட்டினார். 1913-இல் அவருடைய மாணவர் கொதாமா, காய்ந்த மீனில் இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறும். முன்னது தக்காளியில் உண்டு, பின்னது கருவாட்டில் உண்டு.

அதனால் அடுத்த முறை இந்தச் சட்டியில் கருவாட்டுச் சாறுதான் என்று சொல்லியிருக்கிறேன். மருமகள் ஒப்பவில்லை. மண் வாடையை இழுத்துக்கொள்ளும், அப்புறம் அதில் வேறெதுவும் சமைக்க முடியாது என்று அந்தத் துண்டுத்தாளைக் காட்டுகிறாள். ஆயா மீனுக்கென்று தனிச் சட்டி வைத்திருந்தது அதற்குத்தானே? ஊத்துக்கோட்டையில் ஒன்று வாங்கி வரச் சொல்லியாகிவிட்டது. அதிலும் முதலில் கஞ்சிதான்.