முந்நூறு மிதி

வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கு அன்று வார்த்தை வரவில்லை. தாசேக் கெலுகோர் வீட்டில், பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் அப்பாவின் பயிற்சி சைக்கிளுக்கு, ஆர்டுயினோ ஊனோ பலகையில் மிதி எண்ணும் கருவி செய்து கொடுத்திருந்தேன். முதல் நாள் 300 மிதித்தார். மறுநாள் காலை சுவிட்சைத் தட்டினால் 44!

“இவ்வளவுதானாம்மா?” அப்பாவின் முகம் வாடியது.

தவறு என்னுடையது. மின்சாரம் போனாலும் மறக்காத அதன் நினைவகத்தில் 1,024 பைட்டுகள் உண்டு. ஆனால், ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும். 300-ஐ ஒன்றிலேயே திணித்ததால் 256 காணாமல் போய், மிச்சம் 44 தங்கிவிட்டது.

இரண்டு பைட்டுகளாகப் பிரித்து எழுதினேன்: ஒன்றில் 1, அதாவது ஒரு 256; மற்றதில் 44.

மாலையில் திரையில் 300.

“இனி 65,535 வரைக்கும் மறக்காதுப்பா.”

அப்பா சிரித்துக்கொண்டே 301-ஐ மிதித்தார்.