கழுத்துக்கு இரண்டு சங்கிலி

டெக்சஸில் கூஸ்நெக் ட்ரெய்லர் இழுப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு: பாதுகாப்புச் சங்கிலி வேண்டுமா, வேண்டாமா? மாடும் வைக்கோல் உருளையும் ஏற்றிப் பழகிய பண்ணைக்காரப் பெரியவர்களில் சிலர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். சோம்பலில் சொல்வதில்லை, காரணம் வைத்திருக்கிறார்கள். "கழுத்து கழன்றால் அது அதன் வழியில் போகட்டும். சங்கிலி போட்டால் நம் பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயே கிடந்து குதிக்கும். வண்டியைக் கிழிக்கும். பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தாலும் வரும்." எண்ணெய் வயல்களுக்கு ஹாட்ஷாட் எனப்படும் அவசரச் சரக்கு ஓட்டும் எனக்கு இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. அதில் பாதி உண்மை.

இந்த வண்டியைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். சாதாரண ட்ரெய்லரைப் பின்பம்பருக்குக் கீழே மாட்டுவோம். கூஸ்நெக்கின் முன்பகுதியோ வளைந்து எழுந்து, பிக்கப்பின் பின்கதவைத் தாண்டி வந்து, தொட்டிக்குள் இறங்கும். அங்கே தரையில், பின்னச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னே, 2 5/16 அங்குல இரும்புக் குண்டு நிற்கும். கழுத்தின் அடியில் உள்ள கப்ளர் அதன்மேல் கவிழ்ந்ததும், ஒரு தகடு நகர்ந்து வந்து குண்டின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். ட்ரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் இந்தக் குண்டின்மேல் உட்காரும். என் 40 அடி ட்ரெய்லர் 25,900 பவுண்டு வரை தாங்கும். முழுச் சுமையில் குண்டின்மேல் ஏறக்குறைய 5,000 பவுண்டு.

அவ்வளவு கனம் அழுத்துகிறபோது எப்படிக் கழலும் என்று கேட்பார்கள். எப்போதும் அழுத்திக்கொண்டிருந்தால் சரிதான். பின்சரிவு வழியாக ஒரு டிராக்டரை ஏற்றும்போது கவனித்துப் பாருங்கள். டிராக்டரின் எடை கடைசி முனையில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம், ட்ரெய்லர் தன் அச்சின்மேல் சாய்ந்து கழுத்தை மேலே தூக்கும். பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழும்பும். அப்போது எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சின்னத் தகடு மட்டும். பின்முனைக்கு முட்டுக் கொடுக்காமல் ஏற்றுகிறவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். காலி ட்ரெய்லர் இன்னொரு ரகம். ரயில்வே கிராசிங்கில் ஏறி இறங்கும்போது சுமை வண்டியைவிட அதுதான் அதிகம் துள்ளும்.

உண்மையில் கழன்ற கதைகளைக் கிண்டிப் பார்த்தால் துள்ளலைவிடப் பெரிய குற்றவாளி வேறு. தகடு மூடியதுபோலத் தெரியும், குண்டு முழுதாக உள்ளே போயிருக்காது. அல்லது 3 அங்குலக் குண்டுக்கான கப்ளர், 2 5/16 குண்டின்மேல் தொளதொளவென்று உட்கார்ந்திருக்கும். இரண்டுமே வாசலைத் தாண்டும்வரை நன்றாகத்தான் இழுபடும்.

இனிப் பெரியவர்களின் பாதி உண்மை. தொட்டிக்குள் கழன்ற கழுத்து வண்டியைச் சிதைக்கத்தான் செய்யும். பிரேக் போட்டால் முன்னால் கேபினை நோக்கி வரும், வேகம் கூட்டினால் பின்கதவை இடிக்கும். சங்கிலியை நீளமாகத் தொங்க விட்டிருந்தால் அந்த ஓட்டத்துக்கு நாமே இடம் கொடுத்தவர்கள் ஆகிறோம். அதனால் நீளம்தான் முக்கியம். முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது இறுகாத அளவு தளர்வு போதும், அதற்குமேல் ஒரு கண்ணிகூட வேண்டாம். நீளம் குறைக்கச் சங்கிலியை முறுக்குவது கெட்ட பழக்கம். முறுக்கிய கண்ணிகள் பக்கவாட்டில் இழுபட்டுத் தம் பலத்தை இழக்கும். மிஞ்சியதை வெட்டி, வேறு கொக்கி போட்டுக்கொள்வதே வேலை. பம்பரில் இழுக்கும் ட்ரெய்லரில் சங்கிலிகளைக் குறுக்கே மாட்டச் சொல்வார்கள், கழன்ற ஏர்க்கால் சாலையில் குத்தாமல் அவற்றின்மேல் விழட்டும் என்று. இங்கே கழுத்தை ஏந்தத் தொட்டித் தரையே இருக்கிறது. நான் நேராகத்தான் மாட்டுகிறேன்.

ஆனால் "அதன் வழியில் போகட்டும்" என்கிற மற்ற பாதியை நான் ஏற்கவில்லை. எந்த வழியில் போகும்? பெக்கோஸிலிருந்து நியூ மெக்சிகோ நோக்கி ஏறும் 285ஆம் எண் சாலையில் எண்ணெய் வயல் லாரிகள் எதிரும் புதிருமாக ஓடுகின்றன. அங்கே என்னைவிட்டுப் போன ட்ரெய்லர் எதிரே வருகிறவரின் தடத்துக்குத்தான் போகும். சங்கிலி என் வண்டியைக் காப்பாற்றும் என்று யாரும் உறுதி தரவில்லை. கழன்ற பாரம் என் வண்டியோடு என் தடத்திலேயே கிடக்க வேண்டும், அவ்வளவுதான். தொட்டி நசுங்கினால் வேறு தொட்டி வாங்கலாம்.

ஃபிஃப்த் வீலுக்குச் சங்கிலி இல்லையே என்று சட்டம் பேசுகிறவர்களும் உண்டு. துறைமுகங்களில் கன்டெய்னர் இழுக்கும் லாரிகளில் பார்க்கிறோமே, அந்த ஏற்பாட்டில் தடித்த ஆணி ஒன்றை இரும்புத் தாடைகள் சுற்றிலும் கவ்வும், பெரிய தட்டு எடையைத் தாங்கும். அது வேறு பூட்டு. சிக்கல் வருவது, ஃபிஃப்த் வீல் கேம்பர் வாங்கியவர்கள் இடையில் ஒரு அடாப்டர் குழாயை மாட்டி அதைக் கூஸ்நெக் ஆக்கும்போதுதான். பூட்டு மாறிவிட்டது, சங்கிலி மட்டும் வராமல் நின்றுவிடுகிறது.

சங்கிலியை வாங்கும்போது கண்ணியில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். மஞ்சள் பூச்சு கொண்ட கிரேடு 70, 3/8 அங்குலச் சங்கிலியின் வேலைச்சுமை 6,600 பவுண்டு. அறுபடும் சுமை 26,400. ஒவ்வொரு சங்கிலியும் தனித்தே ட்ரெய்லரின் முழு எடைக்கு அறாமல் நிற்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. என் 25,900க்கு அது மயிரிழையில் தேறும். மயிரிழை எனக்குப் பிடிக்காது. அதனால் 1/2 அங்குலம் போட்டிருக்கிறேன், வேலைச்சுமை 11,300. கையில் தூக்கினால் கனக்கிறது என்று குறை சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

நல்ல சங்கிலியையும் கெட்ட இடத்தில் மாட்டலாம். உயரம் மாற்றுவதற்காகப் பல ட்ரெய்லர்களில் கப்ளர் ஒரு உள்குழாயில் இருக்கும், அதைப் போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கும். சங்கிலியை அந்த உள்குழாயில் கட்டினால், போல்ட் தளர்ந்து குழாய் உருவிக்கொள்ளும் நாளில் சங்கிலியும் குழாயோடு வண்டியில் தங்கிவிடும், ட்ரெய்லர் தனியே போய்விடும். கழுத்தின் சட்டத்திலேயே கட்ட வேண்டும். அதையும் கண்ணியை நேராக வெல்டிங் வைத்துச் செய்யக் கூடாது. கிரேடு 70 வெப்பத்தால் பதப்படுத்திய இரும்பு, வெல்டிங் சூடு அந்தப் பதத்தை அழித்துவிடும். வண்டிப் பக்கத்தில் குண்டின் இருபுறமும் சேசிஸோடு பிணைந்த யு-போல்ட்டுகள்தான் இடம். தொட்டி ஓரத்து வளையங்கள் சரக்குக் கட்டத்தான். அவற்றைத் தாங்குவது தொட்டித் தகடுதான், ஃபோர்டின் பெரிய பிக்கப்புகளில் 2017 முதல் அந்தத் தொட்டியே அலுமினியம்.

தொட்டி ஓரத்து வளையம் பயன்படும் வேலை ஒன்று உண்டு: பிரேக்அவே கம்பி. ட்ரெய்லர் பிரிந்தால் இந்த மெல்லிய கம்பி ஒரு ஊசியை உருவும், ட்ரெய்லரில் உள்ள 12 வோல்ட் பேட்டரி தானே பிரேக்கைப் பிடிக்கும். 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய விதி. இந்தக் கம்பியைச் சங்கிலியிலோ யு-போல்ட்டிலோ மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். குண்டும், யு-போல்ட்டுகளைத் தாங்கும் அதன் தட்டும் பெயர்ந்து ட்ரெய்லரோடு போனால் கம்பியும் கூடப் போகும், ஊசி கடைசிவரை உருவாது. தனி இடத்தில் மாட்ட வேண்டும். சோதித்துப் பார்க்க, ஊசியை உருவிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினால் ட்ரெய்லர் சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். உருண்டால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், பெரும்பாலும் செத்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் சங்கிலியை விடாததற்கு இன்னொரு காரணம் உண்டு. கப்ளரின் தகட்டை வண்டிக்கு வெளியே நின்றபடியே, ஒரு நெம்புகோலைத் தள்ளி மூடிவிடலாம். சங்கிலியை மாட்டத் தொட்டிக்குள் ஏறியே ஆக வேண்டும். ஏறிக் குனிந்தால் முகம் குண்டுக்கு ஒரு முழத்தில் இருக்கும். தகடு முழுக்க ஓடியிருக்கிறதா, தகட்டின் பூட்டு ஊசி விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் அங்கிருந்து எழ முடியாது. என்னோடு புதிதாக ஓட்ட வந்த தம்பி ஒருவர், "அண்ணா, அதான் ஜாக்கியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தோமே, வண்டியும் சேர்ந்து எழும்பிச்சே, அப்புறம் எதுக்கு இது?" என்றார். தூக்கிப் பார்ப்பது நல்ல சோதனை, நானும் விடுவதில்லை. முதலில் தூக்குகிறேன், பிறகு ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்க்கிறேன், அதன்பின் ஏறுகிறேன்.

பராமரிப்பும் கொஞ்சம் வேண்டும். மேற்கு டெக்சஸின் மணல், யு-போல்ட்டுகளைக் கீழே இழுத்து வைக்கும் ஸ்பிரிங்குகளுக்குள் புகுந்து இறுகிவிடும். சங்கிலி மாட்ட யு-போல்ட்டை மேலே இழுத்தால் வராது. எண்ணெய் விட்டால் மணல் இன்னும் ஒட்டும். காற்றுக் குழாயால் ஊதிவிட்டு, வறண்ட கிராஃபைட் தூவுகிறேன். கொக்கித் தாழின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அன்றே கொக்கியை மாற்றிவிடுவேன், அது ஒன்றும் பெரிய செலவில்லை.