சொடக்குப் போட்டவர்களுக்கு நன்றி

சிகாகோ கிரீன் மில்லில் ஞாயிற்றுக்கிழமை இரவு கவிதை கேட்க வரும் அன்பர்களுக்கு,

2009 கோடையில் உங்கள் மேடையில் ஏறி ஒவ்வொரு வரியையும் இரண்டிரண்டு தடவை வாசித்த கும்பகோணத்துக் கிழவனை உங்களில் யாருக்கும் நினைவிருக்காது. எனக்கு உங்களை மறக்கவில்லை.

மகள் வீட்டுக்கு வந்திருந்தேன். மாப்பிள்ளை என்னை அங்கே கூட்டி வந்தது கவிதைக்காக அல்ல. "மாமா, அந்தக் காலத்துத் தாதா அல் கபோன் உட்கார்ந்த இடம்னு ஒண்ணு காட்டுவாங்க, வாங்க பாத்துட்டு வருவோம்" என்றார். லாரன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும் பெயர்ப்பலகை. 1907இலிருந்து இருக்கிற மதுக்கடை. இரண்டு வாசலையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி அமைந்த அந்த இருக்கையையும் பார்த்தேன். ஆனால் மேடையில் ஒலிவாங்கியும், பெயர் எழுதிக்கொள்ள ஒரு தாளும் இருந்தன. நாற்பது வருஷமாகக் கவியரங்கம் ஏறியவனுக்கு அந்தத் தாளைத் தாண்டிப் போக முடியுமா?

காவிரியைப் பற்றி நான் எழுதிய கவிதையை நானே ஆங்கிலத்தில் பெயர்த்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எண்பத்து நான்கு வரி. எங்கள் ஊர் வழக்கப்படி, ஒரு வரி சொல்லி, சபையைப் பார்த்து, அதே வரியை மறுபடி சொன்னேன். கூட்டம் "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டால்தான் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது பழைய முறை. இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம், கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்.

ஆறாவது வரியில் சொடக்குச் சத்தம் கேட்டது. அமெரிக்காவில் கைதட்டாமல் சொடக்குப் போட்டுத்தான் கவிதையைப் பாராட்டுவார்கள் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அவர் படித்த கல்லூரியில் அப்படித்தானாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. குரலை ஏற்றினேன். சொடக்கும் ஏறியது. ஒரு வரியை மூன்றாம் தடவையும் சொன்னேன். பிறகு கால்கள் தரையில் தட்ட ஆரம்பித்தன. ஆகா, தாளம் போடுகிறார்கள் என்றே நினைத்தேன். கடைசியில் வயிற்றுவலி வந்தவர்களைப் போலச் சபையே முனகியபோதுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவர் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

உங்கள் அரங்கத்தில் சொடக்கு என்றால் 'போதும்', காலைத் தட்டினால் 'போதும் என்றோமே', முனகினால் அதற்கும் மேல் என்று திரும்பிப் போகும்போது காரில் விளங்கியது. எங்கள் ஊரில் கொட்டாவி வந்தால் வாய்க்கு நேரே சொடக்குப் போடுவோம். அந்த ஞாபகமாவது எனக்கு வந்திருக்க வேண்டும்.

அன்று இரவு உங்கள் மேல் கோபமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு கேட்பதற்கு மட்டும் வந்தேன். அன்றைக்குத்தான் உங்கள் இரவின் அமைப்பே புரிந்தது. முதலில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். அடுத்து, பேர் பெற்ற ஒரு விருந்தினர். கடைசியில் போட்டி. கூட்டத்திலிருந்தே சிலரைப் பிடித்து மதிப்பெண் போட வைக்கிறார்கள். இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் போடும் எண் பிடிக்காவிட்டால் அவர்களையும் கூச்சலிட்டு வறுத்தெடுக்கிறீர்கள். பாண்டியன் சபையில் நக்கீரர் ஒருத்தர்தான். உங்களிடம் மேசைக்கு ஒருத்தர். தருமி சிகாகோவுக்கு வந்திருந்தால் பொற்கிழியை மறந்துவிட்டு ஓடியிருப்பான்.

நான் அசந்துபோனது விருந்தினரிடம். புத்தகங்கள் போட்டவர், வயதும் என் வயது. நடுவில் கொஞ்சம் தொய்ந்தார். சொடக்கு! புதுப்பையனுக்குப் போட்ட அதே சொடக்கு. அவர் சிரித்துவிட்டு இரண்டு பத்தியைத் தாண்டிப் போய் முடித்தார். எங்கள் மேடையில் அவருக்கு முன்னால் அடைமொழி சொல்லவே ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இந்த ஞாயிறு இரவுகளைத் தொடங்கிய மார்க் ஸ்மித் கட்டட வேலை செய்தவர். 1986 ஜூலையில் கிரீன் மில்லில் ஆரம்பித்தார். அவர் மேடையில் தன் பெயரைச் சொன்னால் சபை முழுக்க "அதுக்கென்ன இப்போ?" என்று கத்துவது வழக்கமாம். தொடங்கியவருக்கே அந்த மரியாதை என்றால், வந்துபோகிற எனக்குக் கிடைத்தது சலுகைதான்.

இதே மேடையில் வளர்ந்த பாட்ரிசியா ஸ்மித், இதே மாதிரியான தேசியக் கவிதைப் போட்டியில் தனிநபர் பட்டத்தை நான்கு தடவை வென்றவர். 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி 2018 வரை நடந்த அந்தப் போட்டியில் ஒருவருக்கு மூன்று நிமிடம், போனால் போகிறதென்று பத்து நொடி, அதற்குமேல் மதிப்பெண்ணில் கைவைத்துவிடுவார்கள். எங்கள் அரங்கத் தலைவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பிப் பார்ப்பார்கள். நாங்கள் அதை வாழ்த்து என்று நினைத்துப் பைக்குள் வைத்துக்கொள்வோம்.

நாற்பது வருஷத்தில் எனக்கு முப்பதுக்கு மேல் பொன்னாடை வந்திருக்கிறது. பீரோவில் இடமில்லாமல் மனைவி சிலவற்றைத் தலையணை உறையாகத் தைத்தாள். 'இந்த வரி இங்கே தேவையில்லை' என்று யாரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முதன்முதலாகச் சொன்னவர்கள் நீங்கள், அதுவும் வாயைத் திறக்காமல். அந்த நன்றிக்காகத்தான் இந்த மடல்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் இன்னொரு ஞாயிறு மேடை ஏறினேன். எண்பத்து நான்கு பன்னிரண்டாகியிருந்தது. கையில் தாள் இல்லை. எட்டு வரி வரைக்கும் கோப்பையில் பனிக்கட்டி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்பதாவது வரி முடிந்ததும் எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு சொடக்கு. பாக்கி மூன்று வரியையும் சொல்லித்தான் இறங்கினேன், விட மனசில்லை. சென்னை விமானத்தில் அவற்றை அடித்துவிட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊர்க் கவியரங்கில் ஒன்பது வரி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மறந்துவிட்டேன் என்று நினைத்துத் தலைவர் தண்ணீர் கொடுத்தார். பொன்னாடையும் தவறாமல் வந்தது.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நீளமான ஒன்றை வாசிக்க வேண்டியிருந்தது. நடுவில் இரண்டாவது வரிசைப் பெரியவர் ஒருவர் கொட்டாவி விட்டு, வாய்க்கு நேரே இரண்டு சொடக்குப் போட்டார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ஏன் கும்பிட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

என்றும் அன்புடன்,
கும்பகோணத்துக் கிழவன்