டான்யூப் கரையில் முதுகுன்றம்

எஸ்டெர்கோம் ஹங்கேரியின் வட எல்லையில், டான்யூப் ஆறு வளையும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் ஸ்லோவாக்கியா. ஹங்கேரியின் முதல் அரசர் இஸ்த்வான் பிறந்த ஊர் என்பார்கள். அந்நாட்டுக் கத்தோலிக்கத் தலைமைப் பேராயரின் பீடமும் அங்கேதான். மகளுக்குப் புடாபெஸ்டில் வேலை. "ஆத்தோரமா ஒரு கோயில் ஊருப்பா, உனக்குப் பிடிக்கும்" என்று ரயிலேற்றி அழைத்துப் போனாள். பிடித்தது. தொல்லையே அங்கேதான் தொடங்கியது.

குன்றின் மேல் பேராலயம். 1822இல் தொடங்கி 1869இல் முடித்தார்களாம். குவிமாடத்தின் உச்சி 100 மீட்டர். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் கீழே ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டு மணல் தெரியாமல் கரை தொட்டு ஓடும் ஆற்றைப் பார்த்தால் விருத்தாசலத்துக்காரனுக்கு நெஞ்சை அடைக்கத்தான் செய்யும்.

எங்கள் மணிமுத்தாறும் பேர்பெற்ற ஆறுதான். விருத்தாசலத்தின் பழைய பெயரான திருமுதுகுன்றத்தில் சுந்தரர் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த ஆற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். செத்தவர்களின் எலும்பை இந்த ஆற்றில் விட்டால் கல்லாகி அடியில் தங்கிவிடும் என்று ஊரில் நம்புவார்கள். மாசி மகத்தன்று விடியற்காலையிலேயே தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் ஆறு தெரியாது. தண்ணீர் வற்றிய வருடங்களில் மணலைக் கையால் தோண்டினால் போதும், ஊற்று கசியும். அதில் முகம் கழுவிவிட்டுப் பெரியவர்கள் கோயிலுக்கு நடப்பார்கள். இப்போது தோண்டுவதற்கு மணல் வேண்டுமே. கருவேலமும் சாக்கடையுமாகக் கிடக்கிறது. ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடிய கதையாக, மணிமுத்தாற்றில் தொலைத்ததை நான் டான்யூபில் தேடிக்கொண்டு நின்றேன். சுந்தரருக்காவது கிடைத்தது.

பொறாமைப்பட வேண்டாத இடமும் ஒன்று உண்டு. இஸ்த்வான் முடிசூடியது கி.பி. 1000ஐ ஒட்டி. அவர் எஸ்டெர்கோமில் எழுப்பிய முதல் ஆலயம் இன்று இல்லை. 1241இல் மங்கோலியர் நாட்டுக்குள் புகுந்தார்கள். அதன்பின் அப்போதைய அரசர் தலைநகரை எஸ்டெர்கோமிலிருந்து புடாவுக்கு மாற்றிக்கொண்டார். 1543இல் துருக்கியர் ஊரைப் பிடித்தார்கள். எங்கள் பழமலைநாதர் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக்கியதும் ஏறக்குறைய இஸ்த்வான் காலத்தை ஒட்டித்தான். அது நிற்கிறது. ஐந்து கோபுரம், ஐந்து தேர், ஐந்து தீர்த்தம் என எல்லாவற்றையும் ஐந்தைந்தாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். படியிறங்கிப் போய்க் கும்பிடுகிற ஆழத்துப் பிள்ளையாரும் எங்களுக்கு உண்டு. எஸ்டெர்கோம் தலைநகர் அந்தஸ்தை இழந்த ஊர். எங்களுடையது மாவட்டத் தலைநகராவது ஆக்குங்கள் என்று பல காலமாய்க் கேட்டுக்கொண்டிருக்கும் ஊர். குறையை எழுதிக் கட்டி முறையிடும் எங்கள் கொளஞ்சியப்பர் கோயிலில் இதற்கும் பிராது கட்டிவிட்டார்களா என்று தெரியவில்லை.

கோயிலோடு ஏக்கம் நின்றிருந்தால் பரவாயில்லை. புடாபெஸ்டில் மத்தியாஸ் தேவாலயத்தின் கூரையைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது. பச்சை, மஞ்சள், பழுப்பு என்று வண்ண வண்ணமாய் மினுங்கும் ஓடுகள். பேச் என்ற ஊரில் 1853இல் தொடங்கிய ஜோல்னாய் பீங்கான் ஆலையின் ஓடுகள் அவை. பனியில் வெடிக்காதபடி சுட்ட மண். ஒரு நாடு தன் ஊர்ப் பீங்கானைக் கோயிலின் தலையில் சூட்டி வைத்திருக்கிறது.

நான் பீங்கான்காரன். விருத்தாசலத்துச் செராமிக் காலேஜில் டிப்ளமோ முடித்துவிட்டு, குஜராத்தில் மோர்பி டைல்ஸ் ஆலைகளில் உத்தியோக காலம் முழுக்கக் கழித்தவன். எங்களோடு படித்தவர்கள் சிலர் வளைகுடாவுக்கே போய்விட்டார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைத்ததால் வளர்ந்தது எங்கள் ஊர்த் தொழிற்பேட்டை. மண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவோம். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் தோல் மாதிரிப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். அந்த நேரக்கணக்கு கடிகாரத்தில் இல்லை, அச்சு ஊற்றும் பெண்களின் விரலில் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு கணக்கு, சித்திரை வெயிலில் ஒரு கணக்கு. காய்ந்த பொம்மையின் மூக்கோரம் நிற்கும் பிசிறை ஈரப் பஞ்சால் தடவி எடுப்பார்கள். சூளையை மூடியபின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம். ஆறவிட்டுத் திறக்கும்போது எல்லோரும் வாசலில் கூடி நிற்பார்கள். அந்தச் சூட்டின் வாசனை மோர்பியில் எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே எரிவாயு உலை. பெல்ட்டில் ஒரு பக்கம் மண் போய் மறுபக்கம் டைல்ஸாக வருகிறது. யாரும் காத்திருப்பதில்லை.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் இருந்த வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியர்களில் எங்கள் ஊர்ச் சரக்கு நிறைய. கொலு பொம்மை, அகல், டீக்கடைக் குவளை, ஊறுகாய் ஜாடி எல்லாம் இங்கே சுட்டவை. பிறகு எம்சிபி சுவிட்ச் வந்தது, பிளாஸ்டிக் வந்தது, சீனப் பொம்மை வந்தது. பல சூளைகள் அணைந்தன. கோயில் கட்டிய கூலியாட்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையைக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாயிற்று என்பது எங்கள் தலபுராணம். அச்சு ஊற்றிய அந்தப் பெண்களுக்கு அப்படி ஒரு முனிவர் வாய்க்கவில்லை.

டான்யூப் மாதிரி ஓடச் சொல்லி மணிமுத்தாற்றைக் கேட்க முடியாது. பருவமழை ஆறு அது. கரையைச் சுத்தமாக வைத்திருப்பது மழையின் கையில் இல்லை. இன்றைக்கும் எரிகிற சூளைகளுக்கு ஊரில் ஒரு அடையாளம் கொடுக்கலாம். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நம்மூர் டைல்ஸால் ஒரு சுவர் எழுப்பினால்கூடப் போதும், யாரும் தடுக்கப்போவதில்லை.

வைகையிலும் பல்லவனிலும் விருத்தாசலத்தைக் கடந்து போகிறவர்களே, ஒருமுறை இறங்குங்கள். பழமலைநாதரைப் பார்த்துவிட்டுத் தொழிற்பேட்டைப் பக்கமும் ஒரு எட்டு போய் வாருங்கள். கொலுவுக்கோ கார்த்திகைக்கோ வாங்குவதை அங்கேயே வாங்குங்கள்.