இரண்டு பேருக்கும் ஆகாதவள்

"பிள்ளையைப் பார்க்கவே விடமாட்டேங்கறா, நான் எதுக்குப் பணம் கட்டணும்?" இது அப்பாவின் கேள்வி. "பணமே கட்டமாட்டேங்கறான், நான் எதுக்குப் பிள்ளையை அனுப்பணும்?" இது அம்மாவின் கேள்வி. எங்கள் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லப் பழகிவிடுவார்கள். பணம் வரவில்லை என்று பிள்ளையை மறிக்க முடியாது, பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தவும் முடியாது. பிள்ளையைப் பார்க்கும் உரிமைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட வேண்டும், அதில் எங்களுக்கு வேலையில்லை. இதைக் கேட்டதும் அப்பா, "அப்ப நீங்க அவ பக்கம்" என்பார். அம்மாவும் இதே பதிலைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க அவன் பக்கம்" என்பார். சில நாட்களில் ஒரே கேஸின் இரண்டு தரப்பும் ஒரே காலையில் அடுத்தடுத்துக் கூப்பிட்டுத் திட்டுவார்கள்.

கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், பாதாம் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு கவுண்டியின் சைல்ட் சப்போர்ட் இலாகாவில் நான் கடைநிலை கேஸ் வொர்க்கர். ஊரில் பெரியம்மாவுக்கு இதை விளக்க, "ஜீவனாம்சம் வசூல் பண்ற சர்க்கார் ஆபீஸ்ல கிளார்க்" என்றேன். "அதுக்குன்னு தனியா ஒரு ஆபீஸா?" என்று அவர் மோவாயில் கை வைத்துக்கொண்டார். பதவிப் பெயரின் கடைசியில் ரோமன் எழுத்தில் ஒன்று என்று இருக்கும். அது இரண்டாகும்வரை நானாக எதையும் முடிவு செய்ய முடியாது. நான் போட்ட கணக்கை ஒருவர் சரிபார்ப்பார், அவருக்கு மேலே ஒரு சூப்பர்வைசர், கோர்ட்டில் நிற்பது வக்கீல். ஆனால் போனை எடுப்பது நான். வசவும் அழுகையும் முதலில் வந்து சேரும் இடம் என் ஹெட்செட்தான்.

நான் வளர்ந்தது உசிலம்பட்டிப் பக்கம். புருஷன் பெண்டாட்டி தகராறு எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைக்கு வந்தால் அவர் முதலில் சொல்வது, "மொதல்லேருந்து சொல்லு." யார் முதலில் கை நீட்டியது, சீர் எங்கே போனது, எந்தக் கல்யாண வீட்டில் யார் யாரை மதிக்கவில்லை எல்லாம் வரும். விடிய விடியப் பேசி, கடைசியில் ஒருவர்மேல் தப்பு என்று முடியும். பணம், பாத்திரம், பிள்ளை எல்லாம் அந்தத் தப்பையொட்டித்தான் பிரியும். அந்த வழக்கத்தில் வளர்ந்த எனக்கு இந்த வேலையில் கஷ்டமாக இருந்தது சட்டமோ கம்ப்யூட்டரோ இல்லை, "மொதல்லேருந்து சொல்லு" என்று கேட்கக் கூடாது என்பதுதான். 1970 முதலே இந்த மாநிலத்தில் விவாகரத்துக்குக் குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கான பணத்துக்கோ கல்யாணமே நடந்திருக்க வேண்டியதில்லை. யார் யாரை விட்டுப் போனது என்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. பழைய கதையில் நாங்கள் கேட்டாக வேண்டியது ஒன்றுதான்: உங்களுக்கோ பிள்ளைக்கோ அவரால் ஆபத்து உண்டா? உண்டு என்றால் முகவரி மறைக்கப்படும். மற்றபடி சமூகப் பாதுகாப்பு எண், கடைசியாக வேலை பார்த்த இடம், என்ன கார், அவருடைய அம்மா வீடு எங்கே, உடம்பில் பச்சை குத்தியிருக்கிறதா, அவ்வளவே.

கோர்ட்டிலும் இதே கதைதான். எங்கள் வக்கீல் அம்மாவுக்கும் வக்கீல் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. பொது நலனுக்காக நிற்பதாகச் சட்டமே சொல்கிறது. பல அம்மாக்களுக்கு இது விளங்குவதில்லை. "என் லாயர் எங்கே?" என்று அவரைத் தேடி வந்து, அவர் அப்பாவோடும் அதே குரலில் பேசுவதைப் பார்த்து முகம் சுருங்கிப் போவார்கள். இதில் அம்மா அப்பா என்று நான் எழுதுவதும் பழக்க தோஷம்தான். பணம் கட்டும் அம்மாக்கள் இருக்கிறார்கள், வாங்கும் அப்பாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள்.

இந்தத் திட்டத்தின் பூர்வீகமும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1975 ஜனவரி 4 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது இது. குடும்ப விவகாரத்துக்குள் மத்திய அரசு அளவுமீறி நுழைகிறது என்று குறைபட்டுக்கொண்டேதான் அவர் கையெழுத்துப் போட்டார். அப்போது நோக்கம் பிள்ளைகூட இல்லை. அப்பாக்கள் விட்டுப் போனதால் அரசு உதவித் தொகையில் வாழும் குடும்பங்களுக்குச் செலவான பணத்தை அந்த அப்பாக்களிடமிருந்து மீட்பதுதான். கலிஃபோர்னியாவில் 1999இல் சட்டம் மாறும்வரை இதை நடத்தியது மாவட்ட அரசு வழக்கறிஞர் (டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி), அதாவது திருடனையும் கொலைகாரனையும் கூண்டில் ஏற்றுகிற அதே அலுவலகம். வயதானவர்கள் இன்னமும் எங்களை "டி.ஏ. ஆபீஸ்" என்றுதான் சொல்கிறார்கள், பயந்துகொண்டே வருகிறார்கள். பெயர்ப்பலகை மாறி இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பயம் சுவரை விட்டுப் போகவில்லை.

தொகையைத் தீர்மானிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. அது சட்டப் புத்தகத்திலேயே அல்ஜீப்ரா மாதிரி அச்சாகியிருக்கும். இருவர் வருமானம், வரி, அதோடு பிள்ளை எந்த வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்கிற சதவீதம். நேரம் என்று எழுதியிருந்தாலும் ஜனங்கள் எண்ணுவது ராத்திரிகளைத்தான். அப்பா வீட்டில் தூங்கும் ராத்திரி கூடினால் அவர் கட்டுவது குறையும். எனவே, "வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத்தான் கொண்டு வந்து விட்டான், அது எப்படி வெள்ளிக்கிழமை ஆகும்?" என்று ஒருவர். "கோடை லீவு பூரா என்கிட்டதான் இருந்தா, பல் டாக்டர் பில்லு இருக்கு பாருங்க" என்று இன்னொருவர். அந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத் தட்டினால் கீழே டாலர் மாறும். ஒரு பிள்ளையின் தூக்கத்தை விலையாக மாற்றுகிற கட்டம் அது. எனக்கு அதைக் கண்டால் இன்னும் ஆகாது. ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று சொல் என்றால் சொல்லத் தெரியாது.

ஒருநாள் கவுன்டருக்கு ஒரு மனிதர் வந்தார். தோப்பு வேலைக்காரர், சட்டைக் காலரில் பாதாம் அறுவடைப் புழுதி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து எங்கள் இலாகாவின் உறைகளை எடுத்து அடுக்கினார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை, ஆனால் தபால் முத்திரைத் தேதிப்படி வரிசையாக இருந்தன. ரப்பர் பேண்ட் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்று. "கோர்ட்டுக் கடிதாசியைத் தொலைக்கக் கூடாதுன்னு தெரியும், மிஸ்" என்றார், மொழிபெயர்ப்பாளர் வழியாக. பிரித்துப் பார்க்கலாமே என்று நான் கேட்கவில்லை. படிக்கத் தெரியாதவரா, பயந்தவரா என்று கேட்பது என் வேலையில் இல்லை.

அடியில் இருந்த தடித்த உறைதான் முதல் வழக்கு மனு. கலிஃபோர்னியாவில் மனுவோடு உத்தேசத் தீர்ப்பும் சேர்ந்தே போகும். 30 நாளுக்குள் பதில் போடாவிட்டால் அந்த உத்தேசமே தீர்ப்பாகிவிடும். வருமானம் தெரியாதவருக்கு, குறைந்தபட்சக் கூலியில் வாரம் முழுக்க வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டு தொகை போடுவது அண்மைக்காலம்வரை வழக்கம். அறுவடைக் காலத்தில் மட்டும் முழு வேலை கிடைக்கிற ஒருவருக்கு வருஷம் பூராவுக்குமான தொகை அப்படித்தான் விழுந்திருந்தது. கட்டாத பாக்கிக்கு இங்கே ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. 18,000 டாலர் பாக்கி என்றால் வட்டி மட்டும் மாதம் 150. அவர் மாதாமாதம் கட்டுவது சில சமயம் அதைக்கூட எட்டுவதில்லை.

சரி, வருமானமே இல்லாதபோது ஏறிய பாக்கியைக் கோர்ட்டு குறைக்கலாம் அல்லவா? முடியாது. 1986இல் வந்த ஒரு திருத்தம் அதைத் தடுக்கிறது. கொண்டு வந்தவர் செனட்டர் பில் பிராட்லி, அதற்கு முன்னால் நியூயார்க் நிக்ஸ் அணியின் கூடைப்பந்து ஆட்டக்காரர். ஒரு மாநிலத்தில் ஏமாற்றிவிட்டு இன்னொன்றில் போய்ப் பாக்கியைத் தள்ளுபடி வாங்கும் அப்பாக்களைப் பிடிக்க வந்த சட்டம். பிடிபட்டவர்களில் இந்தத் தோப்பு வேலைக்காரரும் ஒருவர். தொகையைக் குறைக்கலாம், ஆனால் மனுக் கொடுத்த தேதிக்கு முன்னால் போக முடியாது. அதனால்தான் வேலை போனது என்று யார் கூப்பிட்டாலும், அனுதாப வார்த்தைக்கு முன்னால், "இன்னைக்கே மனுப் போடுங்க" என்பேன். முரட்டுத்தனமாகத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும். அந்தத் தோப்பு வேலைக்காரருக்கும் அன்றே தொகையை மாற்றக் கோரும் மனுப் படிவத்தை எடுத்து வைத்தோம். கோர்ட்டில் இலவசமாக உதவும் குடும்பச் சட்ட உதவியாளர் அறையைக் காட்டி அனுப்பினேன். பாக்கியில் அரசுக்குச் சேர வேண்டிய பங்கைப் பேசிக் குறைக்க ஒரு திட்டம் உண்டு. தாயாருக்குச் சேர வேண்டியதில் நாங்கள் கை வைக்க முடியாது.

அரசுக்குச் சேர வேண்டியதா என்று கேட்பீர்கள். அதுவும் உண்டு. தாயும் பிள்ளையும் அரசின் உதவித் தொகை வாங்கினால், அப்பா கட்டும் பணத்துக்கான உரிமையை அரசுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். 2022 முதல் ஒரு பிள்ளை இருந்தால் மாதம் 100 டாலர், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 200 டாலர் வரைதான் குடும்பத்துக்குப் போகிறது. மிச்சம் கஜானாவுக்கு. தான் கட்டுவது டயப்பருக்குப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. இருபது வயசுகூட ஆகியிருக்காது. "அப்ப நான் கவர்மென்ட்டுக்கா அப்பா?" என்று கேட்டான். யார் பக்கமும் சாயாதே என்கிற விதியை நான் மதிக்கிறேன். திண்ணைப் பஞ்சாயத்தில் வாய் உள்ளவர் ஜெயிப்பதைப் பார்த்தவள் நான். எங்கள் தாத்தா நல்லவர்தான், ஆனால் அழத் தெரியாத பெண்கள் அவரிடம் தோற்றுத்தான் போனார்கள். இங்கே அழுதாலும் அழாவிட்டாலும் கணக்கு ஒன்றே. ஆனால் அரசே ஒரு பங்காளியாக வந்து உட்கார்ந்துகொண்டு, தான் நடுநிலை என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வசூலாகிற காசு முழுக்கப் பிள்ளைக்குப் போக வேண்டும். இதை ஆபீசில் யாரும் மறுத்து நான் கேட்டதில்லை, பெரிய பதவியில் இருப்பவர்கள் உட்பட.

நம் ஊர்க்காரர்கள் கேஸ் அபூர்வம். வந்தால் சங்கடம். தெரிந்தவர் கேஸ் என்றால் கம்ப்யூட்டரில் திறக்கவே கூடாது, திறந்தால் வேலை போகும். பொங்கல் விழாச் சாப்பாட்டு வரிசையில் ஒரு அம்மாள் காதோரம், "அவரு எவ்வளவு சம்பளம் வாங்கறார்னு மட்டும் பார்த்துச் சொல்லும்மா" என்று கேட்டு, நான் கையை விரித்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் வந்தாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, என் உச்சரிப்பைக் கேட்டதும், "அக்கா, நீங்க தமிழா?" என்றாள். கணவர் சென்னைக்குத் திரும்பிப் போய்விட்டார், பையனுக்கு மூன்று வயது. மாமியாரில் ஆரம்பித்தாள். நான் குறுக்கே புகுந்து கேட்டது, "அவருக்கு அமெரிக்க பாஸ்போர்ட்டா, இந்திய பாஸ்போர்ட்டா?" அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை.

காரணம் இருந்தது. பிள்ளைப் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் அமெரிக்கா இருக்கிறது, இந்தியா இல்லை. இந்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் நேரடியாக நிறைவேற்றத் தகுந்த நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா இல்லை. இங்கே வாங்கும் உத்தரவை அங்கே கொண்டுபோய் நீட்டினால் யாரும் உடனே பணம் எடுத்துத் தரமாட்டார்கள், புதிதாக வழக்குப் போட வேண்டும். அல்லது அங்கேயே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கேட்க வேண்டும். ஆனால் அவர் அமெரிக்கப் பிரஜை என்றால், பாக்கி 2,500 டாலரைத் தாண்டினதும் பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாது. இங்கத்திய கம்பெனிச் சம்பளம் என்றால் சம்பளத்திலேயே பிடிக்கலாம். இங்கே வீடு, ஓய்வூதியக் கணக்கு, வரி ரீஃபண்ட் எது இருந்தாலும் ஒரு பிடி உண்டு. இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில், "அவங்கம்மா என்ன பண்ணினாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையேக்கா" என்றாள். "அது வேண்டாம்மா, கம்பெனி பேரு சொல்லு" என்றேன். சொன்னாள். தலைமையகம் டெக்சாஸில்.

செப்டம்பர் வந்தால் ஆபீஸ் வேறு மாதிரி ஆகிவிடும். மத்திய அரசின் நிதியாண்டு 30ஆம் தேதி முடிகிறது. செலவில் 66 சதவீதம் அவர்கள் தருவது, ஊக்கத்தொகைக்கு மதிப்பெண்ணும் அவர்கள் போடுவது. அதில் ஒன்று, பாக்கியுள்ள கேஸ்களில் எத்தனையில் ஏதாவது வசூலானது என்பது. எவ்வளவு என்பது அதற்குக் கணக்கில்லை. ஆகவே அந்த மாதம் முழுக்க, அந்த வருஷம் எதுவுமே கட்டாதவர்களைத் தேடிக் கூப்பிட்டு, "எவ்வளவு முடியுமோ கட்டுங்க" என்போம். ஒரு லாரி டிரைவர் கேட்டார், "ஒரு டாலர் கட்டினா உங்களுக்கு என்ன மேடம் லாபம்?" உள்ளதைச் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார், அது காதில் விழுந்தது. கார்டில் ஐந்து டாலர் கட்டினார். போனை வைக்கும் முன்னால், "என் கடிதாசியெல்லாம் இன்னும் எங்கம்மா வீட்டுக்குத்தான் போகுதா? அவங்க போன வருஷமே வீடு மாத்தியாச்சே" என்றார். புது முகவரியை இரண்டு தடவை படித்துக் காட்டிப் பதிந்துகொண்டேன். அந்த ஐந்து டாலர் கவுண்டியின் மதிப்பெண்ணுக்கு. எனக்கு அந்த முகவரிதான் பெரிசு, அடுத்த நோட்டீஸ் அவர் கைக்கே போகும்.