தோப்புக் காவலும் தொழுகை விரிப்பும்



நாய் முடி ஆடையில் ஒட்டியிருந்தால் தொழுகை கூடுமா என்னும் கேள்வி மதரஸாவில் அடிக்கடி வருவதுண்டு. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் ஊரில் அதற்கு இரண்டு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் நாயின் முடி மூட்டை மூட்டையாக உதிரும் ஒரு வீட்டில், ஐவேளைத் தொழுகையை விடாத ஒரு பெரியவர் வாழ்ந்தால் அங்கே இரண்டு வரி விடை போதாது. எங்கள் குடும்பத்தில் இரண்டு ஆண்டுகளாக நிலவும் நிலைமை இதுதான். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், விளைநிலக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு. அத்தகைய தேவையின்றி வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்றும், மற்றோர் அறிவிப்பில் இரண்டு கீராத் குறையும் என்றும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் ஹதீஸ்கள் பதிவாகியுள்ளன. ஆகவே அழகுக்காகவும் பெருமைக்காகவும் நாய் வாங்குவோருக்கு ஊக்கமளிப்பது என் நோக்கமன்று.

என் மனைவியின் தந்தையாருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு உண்டு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் எங்கள் பகுதித் தோப்புகள் வேரோடு சாய்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாமா மறுபடியும் கன்றுகள் நட்டார். நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அவை பாளை விடத் தொடங்கிய சமயத்தில் தோப்பில் திருட்டும் தொடங்கியது. தேங்காயோடு, மோட்டார் கொட்டகையின் செம்புக் கம்பியும் போயிற்று. மாமா தோப்பு வீட்டிலேயே தங்கலானார். வெளியூருக்குக் குடிபெயர்ந்த ஒரு நண்பர் விட்டுச் சென்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயொன்றைக் காவலுக்காக மைத்துனர் கொண்டுவந்து கட்டினார். அதன் பிறகு திருட்டு நின்றது. முடிப் பிரச்சினை தொடங்கியது.

அந்த முடி எங்கும் பரவியது. கயிற்றுக் கட்டிலின் இழைகளிலும், கொடியில் காயும் துண்டிலும், உளூச் செய்யும் இடத்திலும், ஒருநாள் முஸல்லாவின் ஓரத்திலும் காணப்பட்டது. மாமா ஒவ்வொரு தொழுகைக்கும் ஆடை மாற்றினார். தொழுத பின்னும் சந்தேகப்பட்டுத் திரும்பத் தொழுதார். முதுமையில் அவருக்கு அது பெரும் வேதனை. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த இளைய மைத்துனர், "வேனில் ஏற்றி ஈ.சி.ஆர். சாலையில் எங்காவது விட்டுவிடலாம்" என்றார். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸையும் ஆதாரமாகக் காட்டினார். அவள் பூனையை அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும் என்றுதானே அதில் வருகிறது என்பது அவருடைய வாதம்.

மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்: "மாப்புள, நீங்க ஓதிக் கொடுக்கிறவங்க. நம்ம கையால சோறு தின்ன ஜீவனை ரோட்டுல விட்டா, நாளைக்கு அல்லாஹ் கேக்க மாட்டானா?"

என் பதில் இதுதான்: அந்தப் பூனைக்குத் தானே இரை தேடும் ஆற்றல் இருந்தது, அதைத் தடுத்ததே அப்பெண்ணின் குற்றம். மனிதர் வைத்த உணவையே உண்டு வளர்ந்த நாயைப் பழக்கமில்லாத நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவது அவிழ்த்துவிடுவதாகாது, கைவிடுவதாகும். பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். நாயும் இருக்க வேண்டும், மாமாவின் தொழுகையும் நிம்மதியாக நடக்க வேண்டும். அதற்கு வழி தேடுவதே நம் கடமை என்றேன்.

வழி தேடும் முன் சட்டத்தைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். மாலிக்கி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானதே. ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் அசுத்தம், முடி அசுத்தமன்று. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் நாயின் உடல் முழுவதும், முடி உட்பட, நஜீஸ். மற்ற பிராணிகளின் முடி சிறிதளவு ஒட்டியிருந்தால் கிடைக்கும் சலுகை நாய் முடிக்குக் கிடையாது. ஆனால் பலரும் கவனிக்காத ஒரு விதி உண்டு. உலர்ந்த நஜீஸ் உலர்ந்த பொருளில் பட்டால் அசுத்தம் தொற்றுவதில்லை. காய்ந்த சட்டையில் காய்ந்த முடி ஒட்டினால் அந்த முடியை நீக்கினாலே போதும். சட்டையைக் கழுவ வேண்டியதில்லை. முடியோ சட்டையோ ஈரமாக இருந்தால்தான் ஏழு முறை கழுவுவதும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவுவதும் கடமையாகும். மத்ஹபின் வலுவான கருத்துப்படி சோப்பு மண்ணுக்கு ஈடாகாது. நாயைத் தொட்டதால் உளூ முறிவதுமில்லை.

இந்த ஒரு விதியை விளக்கியதுமே மாமாவின் பாரம் பாதி இறங்கியது. முடி உலர்ந்திருக்கும்போதே அதை அப்புறப்படுத்த வேண்டும் என்பதே எங்கள் ஏற்பாடு அனைத்துக்கும் அடிப்படையாயிற்று.

அடுத்து நாயை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இந்த இனத்துக்கு இரட்டை அடுக்கு முடி. மேலே முரட்டு முடியும், அடியில் பஞ்சு போன்ற அடர் முடியும் இருக்கும். உதிர்வது அடிமுடியே அதிகம். குளிர் நாடுகளில் பருவம் மாறும்போது மொத்தமாகக் கொட்டும். நம் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் உதிரும். எனவே உதிர்வதை நிறுத்த மருந்தில்லை. அது அதன் படைப்பு. ஆனால் அளவு மீறி உதிர்ந்தாலும், திட்டுத் திட்டாகச் சொட்டை விழுந்தாலும், தோல் சிவந்தாலும், ஓயாமல் சொறிந்தாலும் அது நோயின் அறிகுறி. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சை, ஊட்டக் குறைவு, தைராய்டு குறைபாடு என்று காரணங்கள் பல. அவற்றுள் படர்தாமரை போன்ற சில மனிதருக்கும் தொற்றக்கூடியவை. எங்கள் நாயின் காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்குகளிலும் உண்ணிகள் இருந்தன. எடைக்கேற்ற மருந்து தந்தார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டார்.

மொட்டை அடித்துவிடலாமா என்று கேட்டதற்கு அவர் உறுதியாக மறுத்தார். மேல்முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. மழித்தால் மீண்டும் சீராக வளராமலும் போகலாம் என்றார்.

உணவில் ஒரு திருத்தம் செய்தோம். அதுவரை சோறும் மிஞ்சிய ஆணமும்தான் அதன் உணவு. முடி என்பதே புரதத்தால் ஆனது. வெறும் சோற்றால் அது வலுப்பெறாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்துக்குக் கேடு என்பதால் ஆணம் ஊற்றுவதை நிறுத்தினோம். இப்போது உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீனும், அவ்வப்போது அவித்த முட்டையும் சோற்றுடன் தருகிறோம். வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும் என்பதால் அதையும் தருவதில்லை.

பிறகு அன்றாட ஒழுங்கு. காலையில் வெயில் ஏறி நாயின் உடல் நன்கு உலர்ந்த பின், வீட்டிலிருந்து காற்று விலகி வீசும் பக்கமாகத் தோப்பின் கோடிக்கு அழைத்துச் சென்று சீவுகிறோம். முதலில் அடிமுடிக்கு நீண்ட பல் சீப்பு. பிறகு மேலுக்கு ரப்பர் பிரஷ். முடி வளரும் திசையிலேயே, தோலில் கீறாமல், கால் மணி நேரம் சீவினால் போதும். சீப்பில் வருவதெல்லாம் வீட்டுக்குள் விழாத முடி. அதைத் தென்னை அடியில் குழியில் புதைத்துவிடுகிறோம். சீவுபவருக்கென்று ஒரு கைலியும் சட்டையும் மோட்டார் கொட்டகையில் தனியாகத் தொங்குகின்றன. குளிப்பாட்டுவது மாதம் ஒருமுறை. மனிதருக்கான ஷாம்பு அதன் தோலுக்கு ஒவ்வாது. நாய்களுக்குரியதையே பயன்படுத்த வேண்டும். அன்று ஈரம் படுவதைத் தவிர்க்க முடியாது. ஆகவே குளிப்பாட்டியவர் உடலில் ஈரம் பட்ட இடங்களை ஏழு முறை, ஒரு முறை மண் கலந்து கழுவிவிடுகிறார். தோப்பில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை.

வீட்டுக்குள் நாய்க்கு வழியில்லை. மோட்டார் கொட்டகையின் நிழலில் சிமெண்டுத் திண்டும் சாக்கும் அதற்கு உண்டு. காற்றில் பறந்து வரும் முடியை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வது பொதுவான வழக்கம்; நாங்கள் அதைச் செய்வதில்லை. ஈரம் பட்டால் அசுத்தம் தொற்றிவிடும் அல்லவா? முதலில் உலர்ந்த துடைப்பத்தால் மெல்லக் கூட்டி எடுக்கிறோம். துணிகளில் ஒட்டியதை அகல ஒட்டுநாடாவைக் கையில் சுற்றி ஒற்றி எடுக்கிறோம். அதன் பிறகே தண்ணீர். உள்ளறை ஒன்று தொழுகைக்கென ஒதுக்கப்பட்டது. முஸல்லாவும் தொழுகை ஆடையும் அங்கே அலமாரியில் இருக்கும், கொடியில் தொங்குவதில்லை.

முடி இன்றும் உதிர்கிறது. ஆனால் உண்ணி ஒழிந்து, சில வாரங்கள் உணவும் சீவலும் ஒழுங்காக நடந்தபின் வெகுவாகக் குறைந்தது. மாமா தொழுகைக்கு முன் ஆடையை ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்கிறார். கண்ணுக்கு எதுவும் தென்படாவிட்டால் தக்பீர் கட்டிவிடுகிறார். உறுதியானதைச் சந்தேகத்தால் விட்டுவிடக் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. அதைக் கிதாபில் பலமுறை ஓதிக்கொடுத்திருக்கிறேன். ஒரு முதியவரின் முகத்தில் அது நிம்மதியாக மாறுவதைத் தோப்பு வீட்டில்தான் கண்டேன்.

நம் பிள்ளைகளுக்கும் இதில் பாடம் உண்டு. நாய் நஜீஸ் என்று கற்றுக்கொண்ட சிறுவர்கள் தெருநாய் மீது கல்லெறிவதைப் பார்த்திருப்பீர்கள். கழுவச் சொன்ன மார்க்கம் அடிக்கச் சொல்லவில்லை. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்று சொன்னவரும் நம் நபி (ஸல்) அவர்களே. கஹ்ஃபு அத்தியாயத்தில் குகைவாசிகளோடு அவர்களுடைய நாயும் குறிப்பிடப்படுகிறது. சுத்தத்தின் சட்டம் நம் தொழுகையைப் பற்றியது; இரக்கத்தின் கட்டளை அந்த உயிரைப் பற்றியது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

காவலுக்கு நாய் தேவைப்படுவோர் வாங்கும் முன்பே யோசியுங்கள். அடர் முடி கொண்ட அயல் இனங்களைவிடக் குட்டை முடியுடைய நம் நாட்டு நாய் தோப்புக்கும் வெயிலுக்கும் பொருந்தும். முடித் தொல்லையும் குறைவு. ஏற்கெனவே ஒன்றை வைத்திருப்போர் அதை அமானத்தாகக் கருதுங்கள். சந்தேகங்களை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் நேரில் கேளுங்கள். நோயைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டையும் அண்டை வீட்டாரிடம் கேட்க வேண்டாம்.

அல்லாஹ் நம் வணக்கங்களைத் தூய்மையாக்கி, அவன் படைப்புகள் மீது இரக்கமுள்ளவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.